குறி கண்டால் குற்றவாளியா?

கண் சிவந்திருக்கிறது, வகுப்பில் உறக்கம், கீழுதட்டின் உட்புறம் வெண்படலம். சிங்கப்பெருமாள் கோவில் பள்ளிப் பிள்ளையிடம் இவற்றைக் கண்டதும் 'கெட்டுப்போனான்' என்று தீர்ப்பெழுதலாமா?

ஒரகடத்துத் தொழிற்சாலையில் தந்தைக்கு இரவுமுறை வேலை, ஒற்றை அறை வீடு என்றால், தூக்கம் கெட்ட பிள்ளைக்கும் கண் சிவக்கும். ஒரே குறியைக் கொண்டு முடிவு சொல்பவர் சோதிடரன்றோ!

உதட்டுப் படலம் மட்டும் சற்று வலுவான சான்று. 'கூல் லிப்' புகையிலைப் பொட்டலத்தை அங்கேதான் ஒடுக்குகிறார்கள். கல்விக்கூடத்துக்கு 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2013இல் தமிழகம் குட்காவுக்கே தடை விதித்தது. ஆயினும் பொட்டலம் வருகிறதே, அது பையனின் பையிலா விளைந்தது? பையைக் குடைந்து, எல்லோர் முன்னும் நிறுத்தி, மாற்றுச் சான்றிதழை நீட்டும் பள்ளி, விற்றவனைத் தொட்டதுண்டா? வெளியேற்றப்பட்டவன் மறுநாள் நிற்பதும் அந்தக் கடை வாயிலில்தான்.

தனியே அழைத்து, "இரவு தூங்கினாயா தம்பி? சாப்பிட்டாயா?" என்று ஆசிரியர் கேட்கட்டும். விடை புகையிலையாயின், செங்கற்பட்டு அரசு மருத்துவமனைக்குப் பெற்றோருடன் தாமும் செல்லட்டும்.