பாறை தாங்கும் காலமும் பிறவாதவர் உரிமையும்

கரியமில வாயுவைப் பூமிக்கடியில் செலுத்தி அங்கேயே வைத்துவிட முடியும். ஆனால் ஒரு தலைமுறையின் புகையைப் பின்னால் வருகிறவர்களின் காலடியில் வைப்பது தகுமா? இந்த அறக்கேள்வியை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் மனிதரை மட்டுமே பார்க்கிறார்கள். விடையில் பாதி பாறையிடம் இருக்கிறது.

காவிரி டெல்டாவின் நன்னிலத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே வயலின் வண்டலைத் தாண்டி ஆழப் போனால் களிப்பாறையும் மணற்பாறையும் மாறிமாறி வருகின்றன. கோண்டுவானா கண்டம் பிளந்தபோது உண்டான பள்ளங்களில் சேர்ந்த படிவுகள் இவை. எண்ணெய் தேடிய புவியியலாளர்கள் காவிரிப் படுகையின் அடுக்குகளுக்கு இந்த வட்டாரத்து ஊர்களின் பெயர்களையே சூட்டினார்கள்: நன்னிலம் அடுக்கு, குடவாசல் களிப்பாறை, கமலாபுரம் அடுக்கு. நன்னிலம் அடுக்கு கிரெட்டேசியஸ் காலத்தது.

சுமார் 800 மீட்டருக்குக் கீழே அழுத்தமும் வெப்பமும் கூடிவிடுவதால், கரியமில வாயு திரவம்போல் அடர்ந்து சிறிய இடத்தில் அடங்கும். மணற்பாறையின் நுண்துளைகள் அதற்கு இடம் தரும். அந்தத் துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால்தான் அது பரவும். மூடுபாறையாக மேலே கிடக்கும் களிப்பாறை அதை ஏறவிடாது. தொளி கலக்கிய வயலில் தண்ணீர் கீழிறங்காமல் நிற்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே, நுண்களிமண் வழியை அடைத்துவிடுகிறது.

வட கடலின் ஸ்லெய்ப்னர் களத்தில் நார்வே 1996 முதல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில் செலுத்திவந்தது. அங்குள்ள மணற்பாறையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் துளைவெளி, ஆகவே சிரமமில்லை. அல்ஜீரியாவின் இன் சாலாவில் பாறை இறுக்கமானது. அழுத்தம் ஏறித் தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உப்பியதைச் செயற்கைக்கோள்கள் காட்டின. மூடுபாறை தாங்குமா என்ற கவலையில் 2011இல் நிறுத்திவிட்டார்கள்.

காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. எடுக்கும் எரிவாயு கோடிக்கணக்கான ஆண்டுகள் உள்ளேயே கிடந்ததுதான். மூடுபாறைக்கு அது நல்ல சான்று என்றாலும் முழுச் சான்று ஆகாது. மீத்தேனைத் தடுக்கும் அதே களிப்பாறை கரியமில வாயுவை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. கரியமில வாயு நீரில் கரைந்து அமிலமாகவும் மாறும்.

செலுத்திய வாயுவை முதலில் மூடுபாறை மட்டுமே பிடித்துவைத்திருக்கும். பிறகு ஒரு பகுதி துளைகளில் சிக்கும், ஒரு பகுதி உப்புநீரில் கரையும், கடைசியில் கல்லாகும். ஐஸ்லாந்தின் கார்ப்ஃபிக்ஸ் சோதனையில் எரிமலைக் கருங்கல்லுக்குள் அனுப்பியதில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இரண்டே ஆண்டுகளில் கல்லானது. மணற்பாறையில் அதற்கு நூற்றாண்டுகள், ஆயிரம் ஆண்டுகள்கூட ஆகலாம். ஆக, ஐஸ்லாந்தில் செய்தவரின் கடமை அவர் கண்முன்னே முடிந்துவிடுகிறது. நன்னிலத்துப் பாறையில் அது பேரனின் பேரன் வரை நீளும்.

இந்த நீளத்துக்கு மரபில் அளவுகோல் உண்டா? நன்னிலத்துக்குப் பக்கத்தில் திலதர்ப்பணபுரியில் எள்ளும் நீரும் இறைத்துப் பிதிர்க்கடன் கழிக்கிறார்கள். தேவர், முனிவர், முன்னோர் என்று தரும சாத்திரம் எண்ணும் மூன்று கடன்களும் முன்பிருந்தவர்களுக்கே. பிள்ளை பெறுவதுகூட முன்னோருக்குச் செய்யும் கைம்மாறாகத்தான் கணக்கில் வருகிறது. பிறவாதவருக்கென்று தனிக் கடன் இல்லை. இந்த இடைவெளியைச் சைவ சித்தாந்தம் ஓரளவு நிரப்பக்கூடும். முந்நூறு ஆண்டு கழித்துக் கசிவால் ஒருவர் துன்புற்றால் அது அவருடைய பிராரத்தம், அதாவது இப்பிறவியில் நுகர வேண்டிய முன்வினைப் பயன், என்று சொல்ல அதில் இடமுண்டு. ஆனால் வாயுவைச் செலுத்தியவருக்கும் அந்தச் செயல் ஆகாமியமாக, அதாவது புதிதாக ஈட்டிய வினையாக, சேர்ந்துவிடுகிறது. ‘அவரவர் விதி’ என்பது அனுபவிப்பவரின் துன்பத்தை விளக்கலாமே தவிர, செய்தவரை விடுவிக்காது.

இன்று நன்னிலத்தில் கரியமில வாயுச் சேமிப்பு ஏதும் நடக்கவில்லை. 2022இல் நிதி ஆயோக் நாட்டளவில் இதற்கான கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. டெல்டாவை வேளாண் மண்டலமாக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டம், புதிதாக எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பதைத் தடுக்க எழுந்தது; உள்ளே செலுத்துவது அன்றைய கவலையாக இருக்கவில்லை.

பாறையைவிட ஐயத்துக்குரியவை அதைத் துளைத்த கிணறுகள்தாம். பல பத்தாண்டுகளாக இங்கே தோண்டியவை ஒவ்வொன்றும் மூடுபாறையில் இட்ட ஓட்டை. அவற்றை அடைத்த சிமெண்டை அமிலநீர் மெல்ல அரிக்கும், இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். எட்டுக் கோடி ஆண்டு தாங்கிய களிப்பாறையின் நம்பகத்தை ஒரு கைவிட்ட கிணறு சில பத்தாண்டுகளில் கெடுத்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விதி, களம் மூடப்பட்டுப் பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகள் நிறுவனமே பொறுப்பு என்றும், வாயு நிலைத்துவிட்டது என்று உறுதியானால் பிறகு அரசு ஏற்கும் என்றும் சொல்கிறது. மணற்பாறையில் கல்லாகும் வேகத்தோடு வைத்துப் பார்த்தால் அந்த 20 ஆண்டு தொடக்கம்கூட இல்லை. மீதிக் காலத்துக்குக் கிணறுகளின் வரைபடத்தையும் அழுத்தக் கணக்கையும் யார் வைத்திருப்பார்கள் என்பதைச் செலுத்துவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டியிருக்கும்.