கையெழுத்துக்கு மேலே இருப்பது

கைநாட்டு இழிவு, கையெழுத்து விடுதலை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் ஐயம் உண்டு. சம்பளப் பதிவேட்டில் தன் பெயரை எழுதுகிறவளுக்கு அதற்கு மேலே இருக்கும் தொகையை வாசிக்கத் தெரியாதென்றால், நாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது எழுத்தையா, சம்மதத்தையா?

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது கல்குவாரிப் பெண்களும் படிக்க வந்தார்கள். மனக்கணக்கு தெரியாமலா கூலிக்காரப் பெண்ணின் குடும்பம் ஓடுகிறது? அவர்கள் கண்ணில் படாமல் இருந்தது ஒப்பந்தக்காரரின் நோட்டு. குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்தபோது அந்தக் கணக்கு அவர்கள் கைக்கு வந்தது. அங்கே பெண்கள் சைக்கிள் பழகியதைத்தான் எல்லோரும் பேசுகிறோம் (படம் அழகாக இருக்கிறதல்லவா!). நோட்டைப் பேசுவதில்லை.

இன்றைய ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நோட்டுக்குப் பதில் சம்பளச் சீட்டு, அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவீதம் வருங்கால வைப்பு நிதிக்கு, கூலியில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ.க்கு. சதவீதம் சொல்லித்தர இதைவிட நல்ல பாடம் ஏது? பிடித்த பணம், முதலாளியின் பங்கோடு சேர்ந்து தன் கணக்கில் ஏறியதா என்று அவள் பார்க்கத் தொடங்கிவிடுவாள் என்பதுதான் சிக்கல். அந்தப் பாடத்தை விட்டுவிட்டு நடக்கும் வகுப்பை எழுத்தறிவு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

வகுப்பு எப்போது என்பதும் அறக்கேள்விதான். ஷிப்ட் முடிந்து, வீட்டில் உலை காத்திருக்கும் பெண்ணின் அரைமணி நேரத்தை எடுத்துக்கொண்டு, அதை அவளுக்குச் செய்த தானம் என்கிறார்கள். அந்த அரைமணிக்கும் கூலி உண்டு. அது அதே சம்பளச் சீட்டில் ஒரு வரியாக வரவேண்டும், தமிழில்.