வாள் போனாலும் ஏடு நிற்க வேண்டும்

ஜப்பானிய வாள், அதன் அணிகள், கவசம் பற்றிய நூல்களைத் தேடிச் சேர்ப்பது பினாங்கில் எளிதில் நியாயப்படுத்தக்கூடிய ஆசை அல்ல. 1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுன்மீது குண்டுகள் விழுந்தன. 19ஆம் தேதி ஜப்பானியப் படை தீவுக்குள் வந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள், 415 கிலோமீட்டர் நீண்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் காலராவுக்கும் பட்டினிக்கும் பலியானார்கள். அந்தப் படையின் அதிகாரி இடுப்பில் தொங்கிய ஆயுதத்தை அவர்களின் வழிவந்தவர்கள் ஏன் பொறுமையாகப் படிக்க வேண்டும்? படிக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஒரு பொருளை உடைமையாக்கிக்கொள்வதைவிட அதைப் பற்றிய அறிவைக் காப்பது மேலானது. அந்த அறிவு இல்லாத இடத்தில் பொருளும் தங்குவதில்லை, அதைப் பற்றிய உண்மையும் தங்குவதில்லை.

இந்த நூல்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தால் இது விளங்கும். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் வாளின் அடித்தண்டில்தான் கொல்லன் தன் பெயரை உளியால் வெட்டுவான். அங்கே படிந்த துருவை விவரம் தெரிந்தவர்கள் துடைக்க மாட்டார்கள். அதன் நிறமும் அடர்த்தியும் வாளின் வயதுக்குச் சாட்சி. அதன்மேல் மெல்லிய தாளை விரித்து மைக்கட்டியால் தேய்த்தால் உளித்தடம் அப்படியே தாளில் இறங்கும். கூர்விளிம்பை ஒட்டி அலையலையாக ஓடும் பதக்கோட்டைக் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்து சேர்ப்பார்கள். இந்தப் படியை ஜப்பானியர் ஓஷிகாதா என்கிறார்கள். பெரிய கொல்லர்களின் பெயரைப் போலியாக வெட்டுவது அங்கே பல நூற்றாண்டுப் பழக்கம். ஆகவே ஒரே கொல்லனின் பல படிகளை அருகருகே வைத்து, உளி எந்தப் பக்கம் திரும்பியது, எங்கே அழுத்தியது என்று ஒப்பிட்டாக வேண்டும். அதற்கு ஒரு நூல் போதாது. 1719இல் ஷோகன் யோஷிமுனேயின் ஆணைப்படி ஹொனாமி குடும்பத்தார் தொகுத்த புகழ்பெற்ற வாள்களின் பட்டியல் தொடங்கி, 1961இல் வந்த பி. டபிள்யூ. ராபின்சனின் நூல், கோகன் நகாயாமாவின் விரிவான கையேடு என்று ஒன்று விட்டதை மற்றொன்று நிரப்புகிறது, ஒன்று சொன்னதை மற்றொன்று திருத்துகிறது.

இரண்டு இழப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தொகுகாவா குடும்பம் தலைமுறைகளாக வைத்திருந்த ஹொன்ஜோ மசமுனே என்ற வாள், 1939இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. போர் முடிந்து ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னபோது தோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் அதுவும் ஒப்படைக்கப்பட்டது; பிறகு அது எங்கே போனது என்று எவருக்கும் தெரியாது. ஆனால் அதன் வடிவம் ஏட்டில் இருக்கிறது. நாளை அது எங்காவது கிடைத்தால் அடையாளம் சொல்ல வழி உண்டு. இனி தஞ்சைக்கு வருவோம். கடைசி மராட்டிய அரசர் 1855இல் மறைந்த பிறகு, 1860களில் அரண்மனை ஆயுதக் கொட்டிலில் சிறந்தவை சில மதராஸ் அருங்காட்சியகத்துக்குப் போயின; பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்குப் போனது. தென்னிந்திய ஆயுதங்களைப் பற்றிய ராபர்ட் எல்குட்டின் பெருநூல் வந்தது 2004இல். உருக்கு எஃகால் உலகெங்கும் பேர் வாங்கிய மண்ணில், உடைபட்டவற்றை அடித்த கொல்லர்களின் பெயர்கள் நம்மிடம் இல்லை.

கொடுமைக்குத் துணைபோன ஆயுதத்தின் அழகைப் படிப்பது மாண்டவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு என்று ஒருவர் சொல்லலாம். இந்த ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வாளின் போலிப் பெருமையைக் கலைப்பவை இந்த நூல்களே. படையினர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் வாள் தரித்துப் பொது இடத்தில் நடமாடுவதை ஜப்பானிய அரசே 1876இல் தடை செய்தது. அதன்பின் அதன் ராணுவ அதிகாரிகள் மேற்கத்தியப் பாணிக் கைப்பிடி கொண்ட வாளையே வைத்திருந்தார்கள். 1934இல்தான், போர்வெறிக்குப் பழம்பெருமை பூசும் நோக்கில், பழைய தாச்சி வாளின் தோற்றத்தில் புதிய ராணுவ வாள் வந்தது. மறு ஆண்டு, சார்ஜென்ட் போன்ற கீழ்நிலைப் படை அலுவலர்களுக்காக வந்த வாளின் கைப்பிடியில் தெரியும் நாடாச் சுற்று, உலோகத்தில் வார்த்துச் சாயம் பூசியது. அலகில் தொழிற்சாலை வரிசை எண் குத்தியிருக்கும். இதைப் படித்தவர், அந்தப் படையினர் கையிலிருந்த வாள்கள் எல்லாம் சாமுராய் மரபின் வாரிசுகள் என்ற கதையில் மயங்கமாட்டார். வெறுப்பு நம்மை அந்தக் கதையிலிருந்து காப்பாற்றாது, அறிவு காப்பாற்றும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்பது அடுத்த கேள்வி. எஃகின் பரப்பில் தெரியும் மணியையும் மூடுபனி போன்ற வெண்மையையும் எந்தப் படமும் முழுதாகக் காட்டாது, உண்மைதான். ஆனால் எதைப் பார்ப்பது என்று அறியாத கண்ணுக்கு அசல் வாளும் வெறும் பளபளப்பு. அதோடு, வாளை விலை கொடுத்து வாங்கியவருக்கு அது அசலாக இருக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. போட்ட பணம் அவர் கண்ணை மறைக்கிறது. நூலை வைத்திருப்பவருக்கு அந்தப் பாரம் இல்லை, தவறு என்று தெரிந்தால் கருத்தை மாற்றிக்கொள்வார். உடைமை தீர்ப்பைக் கெடுப்பதை வீடு, நிலம், பதவி என வாழ்க்கையின் எல்லாப் பக்கத்திலும் பார்க்கிறோம். இணையத்தில் எல்லாம் கிடைக்குமே என்றால், படம் கிடைக்கும். எந்தச் சான்றைக் கொண்டு யார் சொன்னார் என்ற பொறுப்பு பெரும்பாலும் கூடவே வருவதில்லை. பினாங்கின் ஈரக்காற்றில் எஃகும் துருப்பிடிக்கும், தாளும் பூஞ்சை பிடிக்கும். ஆனால் வாள் ஒன்றுதான். நூலுக்குப் பல பிரதிகள் உண்டு.

இந்தப் படிப்பின் பயன் ஜப்பானோடு நின்றுவிடக் கூடாது. மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்த ஜெரால்டு கார்ட்னர் கெரிஸ் முதலான மலாய் ஆயுதங்களைப் பற்றி 1936இல் ஒரு நூல் எழுதினார். அதனால் அந்தத் துறையில் படிப்பவர்களுக்குத் தொடங்க ஓர் இடம் உண்டு. முனீஸ்வரருக்கும் மதுரைவீரனுக்கும் நம் கோயில்களில் சார்த்தியிருக்கும் வீச்சரிவாள்களில் எத்தனைக்குப் பட்டறையின் பெயர் நமக்குத் தெரியும்? எது தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தது, எது இங்கேயே அடித்தது? திருப்பணியின்போது பழையதைக் கழித்துவிட்டுப் புதியதை வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் அளந்து, படமெடுத்து, தேய்த்துப் படியெடுத்து, பூசாரியும் பெரியவர்களும் சொல்வதை எழுதி அச்சிட வேண்டும். ஒரு பிரதி பினாங்கு பொது நூலகத்துக்கும் ஒன்று சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கும் போக வேண்டும். மற்றவர் ஆயுதத்தை இவ்வளவு உன்னிப்பாகப் படிக்கக் கற்றவர்கள் தங்கள் சொந்த ஆயுதத்துக்குச் செய்ய வேண்டிய முதல் கடமை இதுவே.