பங்குக்கு முன் கடன்

காட்டை அழித்தவர் யாரோ. அதை மீட்க நாம் ஏன் கை கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் மய்யித்தின் கடனைத் தீர்த்த பிறகே வாரிசுகள் பங்கு பிரிப்பது நமது முறையல்லவா?

தஞ்சோங் மாலிமைத் தொட்டோடும் பெர்னாம் ஆற்றின் நீர், கீழே வாய்க்கால் வழியாகத் தெங்கி ஆற்றில் சேர்ந்து, தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்களுக்குப் பாய்கிறது. அவ்வரிசி நம் கடைகளிலும் விலையாகிறது. அந்த நீரைத் தாங்கி நிற்பது வடசிலாங்கூர்ச் சதுப்புக் காடு. அங்கே ராஜா மூசா வனத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டார்கள். காய்ந்த மண்ணே தீப்பற்றியது. மேலே அணைத்தாலும் அடியில் புகைந்தது.

2008 முதல் வன இலாகாவும், உலகச் சுற்றுச்சூழல் மையமும், பக்கத்துக் கிராமத்தாரும் அக்கால்வாய்களை அடைத்து, நீர்மட்டத்தை உயர்த்தி, மஹாங் கன்றுகளை நட்டு வருகிறார்கள். (கன்று நடுவோரைத்தான் படமெடுப்பார்கள், வாய்க்காலை அடைத்தவரை யார் எடுப்பார்!)

இதில் லாபம் என்னவென்று நம்மவர் கேட்பர். இது லாபக் கணக்கன்று. தின்ற முதலைத் திருப்பி வைக்கும் கணக்கு. மஹாங் வெயிலில் விரைந்து வளரும். அதன் நிழலில்தான் மற்றக் காட்டு மரங்கள் தலைதூக்கும். இருவாய்ச்சி கூடுகட்டத் தக்க பெருமரம் நிற்பதற்கு நம் பேரப்பிள்ளைகள் காலமாகிவிடும்.