வளையம்

ஐப்பசி அடைமழை. காவிரிப் பாலத்தில் ஏறினால் பழைய காரின் பின்கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. கோடை முழுக்கத் தொடாத பின் வைப்பர் அசைய மறுத்தது.

ஸ்ரீரங்கத்து மெக்கானிக் மோட்டாரைக் கழற்றினார். தண்டு துருவேறி புஷ்ஷோடு ஒட்டிக்கிடந்தது. கிரீஸ் காய்ந்து அரக்காகியிருந்தது. "மோட்டார் பாவம் சார், வினை இதுலதான்" என்று வெடித்துப்போன ரப்பர் வளையத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தண்டு வெளியே வரும் ஓட்டையில் அதுதான் காவல். அது போனால் நீர் உள்ளே இறங்கும். மோட்டாரை மாற்றுகிறவர்கள் வளையத்தைக் கேட்பதில்லை. நானும்தான் கேட்கவில்லை.

இரண்டையும் புதிதாகப் போட்டார். வெயில் காலத்திலும் வாரம் ஒருமுறை கண்ணாடியை நனைத்து ஓடவிடச் சொன்னார்.

திரும்பும்போது தூறல். இரண்டே வீச்சில், 1987-இல் நிறைவுகண்ட 236 அடி ராஜகோபுரம் பின்கண்ணாடியில் வந்து நின்றது.