அதிபத்தர் விடுத்த மீன்

கொல்லாமையைத் தலையாய அறங்களுள் ஒன்றாகக் கொண்டது சைவம். அங்ஙனமாக, நாகைக் கடற்கரை நுளைப்பாடியிலே வலைவீசி வாழ்ந்த அதிபத்தரை அறுபத்துமூவருள் ஒருவராக வழிபடுதல் எங்ஙனம் பொருந்தும் என அன்பர் சிலர் எம்மை வினவினர். இவ்வையத்தை இக்கால மீன்பிடி நிலையோடு வைத்து ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

மீன் பிடிப்போர் மூவகையர்: குடியோம்பப் பிடிப்போர், பெரும்பொருள் ஈட்டப் பிடிப்போர், விளையாட்டாகப் பிடிப்போர் என. இவருள் இறுதியிற் கூறப்பட்டார், "தூண்டிலிற் பட்டதை மீள நீரிலே விடுகின்றோம், ஆகலின் எமக்குக் கொலைப்பாவம் இல்லை" என்பர். அற்றன்று, விடப்பட்டவற்றுள்ளும் சில புண்ணாலும் இளைப்பாலும் இறந்தொழிகின்றன. இறவாவிடினும், தம் களிப்பின் பொருட்டுப் பிறிதோர் உயிரை வருத்துதல் அருளுடைமை ஆகாது என்க.

பெருவாணிகத்தின் அளவின்மைக்குக் கனடா நாட்டு நியூபவுண்ட்லாந்துக் கடல் சான்றாகும். ஆங்குப் பல நூற்றாண்டாகப் பிடிக்கப்பட்டு வந்த காட் என்னும் மீன், இழுவலைப் பெருங்கப்பல்கள் புகுந்தபின், 1968-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 8 இலட்சம் டன் வாரப்பட்டது. பின்னர் அவ்வினம் அருகியமையால் 1992-இல் அரசினர் வணிகப்பிடிப்பை நிறுத்தினர். ஏறக்குறைய 30,000 பேர் பிழைப்பிழந்தனர். 32 ஆண்டு கழிந்து 2024-இலேயே அத்தடை நீங்கிற்று. தமிழ்நாட்டுக் கீழ்க்கடலிலும், மீன்கள் இனம்பெருகும் காலம் கருதி, விசைப்படகுகட்கு 2001 முதல் ஆண்டுதோறும் 45 நாளும், 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாளும் தடை விதிக்கப்படுகின்றது. இது வேண்டற்பாலதே. ஆயினும் நாளை மிகுதியாகப் பிடித்தற்பொருட்டு இன்று விடுதல் அறிவுடைமையாம், அன்பு ஆகாது.

அதிபத்தர் செயல் இதனின் வேறு. அவர் நாடோறும் தம் வலைப்பட்ட மீன்களுள் ஒன்றை இறைவற்கென்று கடலில் விடுத்தார். மீன்வரவு குன்றி ஒன்றே அகப்பட்ட நாளிலும், சுற்றம் பசியால் வாட, அவ்வொன்றையும் விடுத்தார். முடிவிற் பொன்மீன் ஒன்றே அகப்பட, அதனையும் விடுத்தார். உலகும் நுகர்பொருளும் உயிர்கள் உய்தற்பொருட்டு இறைவன் தந்தன என்பது நம் சித்தாந்தம். மீனும் வினைக்கீடாக உடல்பெற்ற ஓர் உயிரே. அதற்கும் உடையான் அவனே. இவ்வுண்மையை அப்பரதவர் நாடோறும் கையாற் செய்து காட்டினார். அவரை நாயனாராக்கியது அவர் விடுத்த மீனே என்று தெளிந்து ஐயம் அகற்றுக.

ஊனுண்ணாத நாம், இது கடற்கரையார்க்கு மட்டும் உரிய பாடமெனக் கருதி அமைதல் பெருந்தவறாகும். நமக்கு நாடோறும் வந்தெய்துவனவற்றுள் ஒன்றையேனும் உடையானுக்கென்று விடுக்கின்றோமா? மிகுந்ததை விடுத்தல் எளிது. ஒன்றே உள்ளபோது விடுத்தலன்றோ அரிது! அறுபதாண்டு கடந்தும் யாம் அது செய்தறியேம்.

சிவம்.