ஒரு நெடிய ஜீவியம்

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் பெரிய கோயிலைக் கண்டு, ராஜராஜனை வியந்து, அந்த வியப்போடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். கும்பகோணத்துக்குக் கிழக்கே, நாற்றங்கால்களுக்கும் வாய்க்கால்களுக்கும் நடுவே அமைதியாக இருக்கும் கோனேரிராஜபுரம் வரைக்கும் போகிறவர்கள் சிலரே. போகிறவர்களும் அங்குள்ள பிரம்மாண்டமான நடராஜ மூர்த்தியைத் தரிசித்த ஆனந்தத்தில், தென்புறச் சுவரிலுள்ள ஒரு சிறு சிற்பத்தைக் கவனிக்காமல் கடந்துவிடுவதே வழக்கம். ஓர் அரசர் சிவலிங்கத்தைப் பூஜிக்கும் காட்சி அது. அதன் கீழே பொறித்திருக்கும் சாஸனம், திருநல்லம் என்று தேவாரம் போற்றும் இந்தத் தலத்தில் தம் கணவர் கண்டராதித்த தேவரின் திருநாமத்தால் கற்றளி எடுப்பித்து, அவர் இறைவனை வழிபடுவதாக இந்த உருவத்தையும் செய்வித்தவர் அவருடைய தேவியார் என்று தெரிவிக்கிறது. கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் சென்றபின், மகன் உத்தம சோழன் அரசாளும் காலத்தில் நடந்த திருப்பணி இது. அந்தத் தேவியாரே செம்பியன் மாதேவியார்.

நீண்ட காலம் வாழ்ந்து, மனைவியாகவும் தாயாகவும் தம்மை முழுவதும் ஒப்புக்கொடுத்த ஒரு ஸ்திரீயை எவ்விதம் நினைப்பது தகும் என்ற கேள்வி என்னைப் பற்றிக்கொண்ட நாளிலிருந்து, இந்த அம்மையாரின் சரித்திரமே எனக்கு அடிக்கடி துணையாக வருகிறது. மழவரையர் குலத்தில் பிறந்து சோழர் குலத்தில் வாழ்க்கைப்பட்ட இவரை, மாமனார் முதற் பராந்தகன் ஆட்சியில், 941-ஆம் ஆண்டிலேயே, சிவசந்நிதியில் விளக்கெரிக்க நிவந்தம் அளித்தவராக முதன்முதலில் காண்கிறோம். ராஜராஜன் ஆட்சியில், 1001-ஆம் ஆண்டளவில், திருவக்கரைத் திருப்பணியோடு இவரைப் பற்றிய செய்தி நிற்கிறது. இடையே அறுபது வருஷங்கள். பராந்தகன், கண்டராதித்தர், அரிஞ்சயன், சுந்தர சோழன், உத்தமன், ராஜராஜன் என்று ஆறு மன்னர்களின் ஆட்சியை அவர் பார்த்தார். சைவத் திருமுறையில் இடம்பெற்ற திருவிசைப்பாவைப் பாடிய சிவபக்தரான கணவர், அரசேறிச் சில ஆண்டுகளிலேயே, 957-ஐ ஒட்டி மறைந்தார். மகன் சிறு பிராயத்தினன். அரியணை கணவரின் தம்பிக்குப் போயிற்று, பின்பு அத்தம்பியின் மகனுக்குப் போயிற்று. மகன் அரசனாக ஏறக்குறைய 970 வரையில் காத்திருந்தார். 985-இல் அந்த மகனும் மறைந்தபின், மேலும் பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் உயிர்வாழ்ந்தார்.

இப்படிப்பட்ட ஆயுளை வரம் என்பதா, சோதனை என்பதா? அந்தக் காலத்து அரச குலத்தில் வேறொரு வழியும் இருந்தது. சுந்தர சோழனின் தேவியான வானவன் மாதேவி, பால்குடி மறவாத குழந்தையையும் விட்டுவிட்டுக் கணவனோடு உடன்கட்டை ஏறியதைத் திருக்கோவலூர்ச் சாஸனம் புகழ்ந்து பேசுகிறது. ராஜராஜனைப் பெற்றவர் அவர். அந்த அம்மையாரின் பதிபக்தியைக் குறைத்துச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை; ஆனால், தீயில் ஒரு நாழிகையில் முடிந்த பக்தியைக் காட்டிலும், வைதவ்யத்தின் நாற்பது ஆண்டுகளையும் ஒவ்வொரு நாளாகச் சுமந்து, அந்தச் சுமையையே ஊருக்குப் பயனாக்கிய பக்தி அரியது என்று என் மனம் உறுதியாகச் சொல்கிறது. மகனை வளர்க்கவேண்டும் என்பதற்காக மாத்திரம் அவர் உயிரோடு இருந்தார் என்றும் சொல்லிவிட முடியாது. மகன் வளர்ந்தான், ஆண்டான், போனான். அன்னையின் கை நிற்கவில்லை.

அந்தக் கை செய்த வேலைதான் என்ன? செங்கல்லால் கட்டப்பட்டுச் சிதைந்துகொண்டிருந்த ஆலயங்களை ஒவ்வொன்றாகக் கருங்கல்லால் புதுப்பித்தார். மலையே இல்லாத காவேரிச் சமவெளியில் ஒவ்வொரு கல்லும் வெகு தூரத்திலிருந்து வந்தாக வேண்டும் என்பதை நினைத்தால்தான் அதன் பெருமை தெரியும். தென்குரங்காடுதுறை, குத்தாலம், திருவாரூர் அரநெறி, திருக்கோடிகாவல், வடக்கே விருத்தாசலம் என்று அந்த வரிசை நீள்கிறது. திருக்கோடிகாவலில் நடந்ததை நான் எப்பொழுது எண்ணினாலும் மெய்சிலிர்க்கிறது. பழைய கட்டடத்தைப் பிரித்தபோது, பல்லவர் முதலிய முன்னோர் காலத்துத் தர்மங்களைக் குறித்த கற்கள் கிடைத்தன. அவற்றை வீசிவிடாமல், ஒன்றுவிடாமல் படியெடுத்து, பழங்கல்லின் படி இது என்ற குறிப்போடு புதுச்சுவரில் வெட்டுவித்தார்கள். தம் குலத்தார் அல்லாதவர்கள், பெயரே மறந்துபோன சாமானியர்கள், என்றோ அளித்த விளக்கும் நிலமும்கூட அழியலாகாது என்று கருதிய மனம், தாயுள்ளம் அல்லாமல் வேறென்ன?

நந்தாவிளக்கு ஒன்று எரிய அக்காலத்தில் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளை இடையர்களிடம் ஒப்புவிப்பார்கள். அவர்கள் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு மந்தையின் தொகை குறையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. சாவா மூவாப் பேராடு என்று அதற்குப் பெயர். நினைவைக் காக்க அழுகை போதாது, அன்றாடம் ஒருவர் கடமையாகச் செய்யவேண்டிய காரியம் வேண்டும் என்பதை நம் முன்னோர் இவ்வளவு தெளிவாக அறிந்திருந்தார்கள்.

என் தாயார் முதிர்ந்த பிராயத்தில் காலமானபோது, கூடியிருந்த உறவினர் அனைவரும் உத்தமி என்றும் பொறுமைசாலி என்றும் கண்ணீர் மல்கச் சொன்னார்கள். அத்தனையும் சத்தியம். ஆயினும், காவேரிக் கரையில் எந்த வீட்டில் எந்த மூதாட்டி மறைந்தாலும் அந்த வார்த்தைகள் பொருந்துமே என்று என் உள்ளம் ஏங்கிற்று. மேட்டூரில் தண்ணீர் திறக்கத் தாமதமான வருஷங்களில், பத்தாயம் அடிதெரிந்த நாட்களில், அப்பாவின் மனம் நோகாமல் எதை விற்று எங்களுக்குச் சோறு போட்டாள்? விதைநெல்லை எங்கே ஒளித்து வைத்தாள்? அவளுடைய தர்மங்கள் எவை? இவற்றைக் கூற அங்கே ஒருவரும் இல்லை, கேட்டுவைத்தவரும் இல்லை. பொதுவான புகழ்ச்சி மரியாதைதான். ஆனால் அது ஒருத்தியை எல்லோராகவும் ஆக்கி மறைத்துவிடுகிறது. செம்பியன் மாதேவியாரை நாம் அறிவது, தர்மவதி என்று யாரோ புகழ்ந்ததனால் அல்ல. எந்த ஊரில், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எதற்காக என்ன கொடுத்தார் என்று கல்லில் கணக்கு இருப்பதனால்.

அவரை அவர் வீட்டாரும் மறக்கவில்லை. நாகப்பட்டினம் பக்கத்தில் அவர் பெயரையே தாங்கி நிற்கும் செம்பியன் மாதேவி என்னும் ஊரில், கைலாசநாதர் ஆலயத்தில், அவர் பிறந்த சித்திரை மாதக் கேட்டை நாளைக் கொண்டாட நிவந்தம் வைத்தவர்கள் உத்தம சோழனின் தேவியர். மாமியாரின் ஜன்ம நக்ஷத்திரத்துக்கு மருமக்கள் கொடுத்த தர்மம்! மாமியாராக அவர் எப்படி இருந்திருப்பார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ? பேரன் மதுராந்தகன் கண்டராதித்தன், பாட்டனாரின் பெயரைத் தாங்கி, ராஜராஜனின் ஆட்சியில் ஆலய காரியங்களை விசாரிக்கும் அதிகாரியாக விளங்கினான். ராஜராஜனின் தமையன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டதில் உத்தம சோழனுக்குச் சம்பந்தம் உண்டோ என்று சரித்திர ஆசிரியர்கள் வாதித்திருக்கிறார்கள்; எனினும் அந்த ராஜராஜனின் ஆட்சியிலும் இவருக்குரிய கௌரவம் குறையவில்லை, திருப்பணியும் தடைப்படவில்லை.

இதைப் படிக்கும் அன்பர்களின் இல்லத்தில் வயது முதிர்ந்த தாயாரோ பாட்டியாரோ இருப்பாரேயானால், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் அருகில் உட்காருங்கள். அவர் பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட வருஷம், இழந்த குழந்தைகள், பட்ட கடன், ஆற்றிய பசி, செய்த தர்மம் எல்லாவற்றையும் அவர் வாயாலேயே கேட்டு, தேதியோடும் கணக்கோடும் எழுதிவையுங்கள். அவர் ஞாபகம் தெளிவாயிருக்கும்போதே, இந்தச் சம்பா அறுவடை முடிவதற்குள் எழுதிவிடுங்கள்.